டிராக்டர் எஞ்சினுக்கு ஆக்சிஜன் சென்சார் அவசியமா?

தொளி உழவு மும்முரமாக நடக்கும் நேரம். நாற்று பறித்தாகிவிட்டது, நடவு ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. கேஜ் வீல் பூட்டிய டிராக்டர் மட்டும் இரண்டு சுற்று வருவதற்குள் கரும்புகையைக் கக்கிக்கொண்டு இழுவையின்றித் திணறுகிறது. வரப்பில் நிற்பவர் ஒருவர், “காரில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று வைக்கிறார்கள். இதில் அது கிடையாது. அதனால்தான் டீசல் சரியாக எரியவில்லை” என்கிறார். இன்னொருவர் அதை வாங்கிப் பொருத்தித் தருவதாகவும் சொல்கிறார். அவசரத்தில் இருக்கும் விவசாயி பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன், அந்தக் கருவி என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆக்சிஜன் சென்சார் என்பது எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் திருகப்படும் சிறு கருவி. பார்ப்பதற்கு ஸ்பார்க் பிளக் போலவே இருக்கும். இதன் நுனியில் ஜிர்கோனியா என்னும் பீங்கான் வகைப் பொருள் உள்ளது. எரிந்து முடிந்த புகையில் பிராணவாயு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ப மிகச் சிறிய மின் அழுத்தத்தை இது உண்டாக்குகிறது. பெட்ரோல் மிகுந்து காற்று குறைந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட் வரை காட்டும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். இந்தச் செய்தியைக் கொண்டு காரில் உள்ள கம்ப்யூட்டர் பெட்ரோலை நொடிக்கு நொடி கூட்டியும் குறைத்தும் கொடுக்கிறது.

இதை ஏன் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. சென்சார் வருவதற்கு முன்பே பெட்ரோல் கார்கள் பல பத்தாண்டுகள் நன்றாகவே ஓடின. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் புகை விதிகளைக் கடுமையாக்கியபோது, நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற பெட்டியைப் புகைக்குழாயில் வைக்க வேண்டியிருந்தது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற அளவு பிசகாமல் இருந்தால்தான் அந்தப் பெட்டி மூன்று வகை நச்சு வாயுக்களையும் ஒருசேர மாற்றும். கார்புரேட்டரால் அவ்வளவு நுட்பமாக அளக்க முடியாது. ஆகவே 1976-ல் பாஷ் கம்பெனி தயாரித்த சென்சாருடன் வோல்வோ கார்கள் அங்கே விற்பனைக்கு வந்தன. ஆக, இது முதலில் புகையைச் சுத்தம் செய்வதற்கு வந்த கருவி. இழுவையைக் கூட்டுவதற்கு வந்ததல்ல. சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும் வரை இது வேலையே செய்யாது. முழு வேகத்தில் எஞ்சினை இழுக்கும்போதும் பெரும்பாலான கார்களில் கம்ப்யூட்டர் இதன் சொல்லைக் கேட்பதில்லை. சற்று அதிகமாகவே பெட்ரோலைக் கொடுத்துவிடும். வயலில் டிராக்டரின் வேலையோ பெரும்பாலும் பாரம் இழுப்பதுதான்.

டீசல் எஞ்சினின் சங்கதி அடிப்படையிலேயே வேறு. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்றுக் கதவு திறக்கிறது. சாதாரண டீசல் எஞ்சினில் அப்படிக் கதவே கிடையாது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் கொள்ளும் அளவு காற்றை அது உறிஞ்சிக்கொள்கிறது. டீசலின் அளவு மட்டுமே மாறுகிறது. வெறுமனே உறுமிக்கொண்டு நிற்கும்போது ஒரு பங்கு டீசலுக்கு ஐம்பது பங்குக்கு மேல்கூடக் காற்று இருக்கும். முழுப் பாரம் இழுக்கும்போதும் இருபது பங்கை ஒட்டி இருக்கும். எரிவதற்குக் கணக்குப்படி தேவைப்படுவது ஏறத்தாழ பதினாலரைப் பங்கு மட்டுமே. எனவே கார் சென்சாரைக் கழற்றி வந்து டிராக்டரில் மாட்டினால், காலை முதல் மாலை வரை “காற்று மிகுதி, காற்று மிகுதி” என்ற ஒரே பாட்டைத்தான் அது பாடும். கரும்புகை தள்ளும்போதுகூடப் பெரும்பாலும் அப்படித்தான்! ஏனெனில், புகை வருவதற்குக் காரணம் சிலிண்டரில் மொத்தக் காற்றும் தீர்ந்துபோவதல்ல. டீசல் தூவலாக விழாமல் துளித்துளியாக விழும் இடத்தில் மட்டும் காற்று போதாமல் அது கரியாகிவிடுகிறது. இதைச் சென்சார் கண்டுபிடிக்காது. கண்டுபிடித்தாலும், சாதாரண டீசல் பம்புக்கு அதைச் சொல்ல டிராக்டரில் வழியும் கிடையாது.

டிராக்டரில் உணர்வுக் கருவியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. டீசல் பம்போடு சேர்ந்த கவர்னர் அந்த வேலையைச் செய்கிறது. சுழலும் சிறு எடைகளைக் கொண்டது அது. கலப்பை இறுகிய மண்ணில் மாட்டி எஞ்சினின் வேகம் குறையத் தொடங்கியதும், எடைகள் உட்பக்கம் ஒடுங்கிப் பம்பில் டீசலைக் கூட்டுகின்றன. அந்த ஒரு கணம் புகைப்போக்கியில் கறுப்பாக ஒரு குமிழ் கிளம்பி மறைவது இயல்பே. மறையாமல் தொடர்ந்து வரும் கரும்புகைதான் நோயின் அடையாளம்.

அந்த நோய்க்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் ஏர் கிளீனர். ஒரு லிட்டர் டீசல் எரிய ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று தேவை. சுமார் 2.7 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், நிமிடம் ஒன்றுக்கு 2,000 லிட்டருக்கு மேல் காற்றை உறிஞ்சுகிறது. புழுதி உழவிலும், ரோட்டவேட்டர் ஓட்டும்போதும், களத்தில் கதிரடிக்கும்போதும் அந்தக் காற்றோடு எவ்வளவு தூசியும் தும்பும் போகும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. கவர்னருக்கு அது தெரியாது. வேகம் குறைகிறதே என்று மேலும் மேலும் டீசலைக் கொடுக்கும். டீசல் செலவு ஏறும், வேலை ஓடாது.

ஆயில் பாத் வகை ஏர் கிளீனரில் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்த சேற்றை வழித்துக் கழுவி, குறியிட்ட கோடு வரை மட்டும் எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டும். குறைந்தால் தூசி உள்ளே போகும். ‘கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்’ என்று ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்துவிடும். புழுதி வேலை நடக்கும் நாட்களில் தினமும் ஒருமுறை இதைப் பார்த்தாக வேண்டும். காகித வடிகட்டி உள்ள டிராக்டர்களில் அதை டயரில் தட்டித் தூசி போக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இது மிகவும் தவறு. காகித மடிப்பு கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தூசி நேரே சிலிண்டருக்குள் போய் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். உட்புறமிருந்து வெளிப்புறமாக மெதுவான காற்றால் ஊதுவதே சரி. உள்ளே இருக்கும் இரண்டாவது சிறு வடிகட்டியை ஊதவோ கழுவவோ கூடாது. உரிய காலத்தில் புதிதாக மாற்ற வேண்டும். குழாய்ப் பட்டைகள் தளர்ந்திருக்கின்றனவா, ரப்பர் குழாயில் விரிசல் உண்டா என்றும் பார்க்க வேண்டும். கிளீனர் சுத்தமாக இருந்து குழாய் கிழிந்திருந்தால் பயனில்லை.

ஏர் கிளீனர் சரியாக இருந்தும் புகை நிற்கவில்லையானால் அடுத்தது நாசில். நல்ல நாசில் டீசலைப் பனிமூட்டம் போல் தூவும், தேய்ந்தது ஒழுகும். இதைச் சோதனைக் கருவி உள்ள பட்டறையில்தான் பார்க்க வேண்டும். தூவலில் கையை வைத்துப் பார்ப்பது பேராபத்து. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும்.

பம்பைத் தொடுவது கடைசி வேலை. பம்பின் சீலை உடைத்து, டீசலைக் கூட்டும் திருகை முடுக்கிவிட்டு, “இப்போது பாருங்கள் இழுவையை” என்று காட்டும் மெக்கானிக்குகள் உண்டு. இரண்டு நாள் இழுவை இருக்கத்தான் செய்யும். பிறகு எஞ்சின் சூடாகும். எரியாத டீசல் கீழிறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். பிஸ்டனும் ரிங்கும் கெடும். வாரண்டியும் போய்விடும். சென்சார் விற்க வருபவரைவிட இவரிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும்.

கறுப்பைத் தவிர மற்ற நிறங்களும் செய்தி சொல்பவையே. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது வெண்புகை வந்து நிற்பதில் தவறில்லை. எஞ்சின் சூடேறிய பிறகும் வந்தால் டீசல் தெளிக்கும் நேரம், கம்ப்ரஷன், தண்ணீர்க் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பிரஷ் கட்டர், விசைத் தெளிப்பான், சிறு களையெடுக்கும் கருவி போன்ற பெட்ரோல் கருவிகள் பெரும்பாலும் கார்புரேட்டரிலேயே ஓடுகின்றன, சென்சார் இல்லை. இவற்றில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே போதும். நுனி இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்று அடைப்பு. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் காற்று மிகுதி, எஞ்சின் சூடாகிவிடும். செலவில்லாத சென்சார் இது!

ஆனால் இந்தச் சிறு எஞ்சின்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அது மலை. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியாக ஓடிய கருவியை மேலே கொண்டுபோனால், அதே கார்புரேட்டர் காற்றுக்கு ஒவ்வாத அளவு பெட்ரோலைக் கொடுக்கும். பிளக் கறுக்கும், எஞ்சின் முணுமுணுக்கும். சென்சாரும் கம்ப்யூட்டரும் உள்ள எஞ்சின் இதைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கேரட், உருளைக்கிழங்கு பயிரிடும் மலை விவசாயிகள், தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் சிறிய ஜெட்டைப் போட்டுக்கொள்ளலாம். கருவியைத் திரும்பச் சமவெளிக்குக் கொண்டுவந்தால் பழைய ஜெட்டை மாற்றிவிட வேண்டும். மறந்தால் எஞ்சின் சூடேறிக் கெடும். டர்போ இல்லாத டீசல் டிராக்டரும் மலையில் முழுப் பாரத்தில் புகை தள்ளும். அங்கே ஒரு கியர் குறைத்து, கலப்பையின் ஆழத்தையும் சற்றுக் குறைத்து ஓட்டுவதே உத்தமம்.

சென்சாரை உண்மையிலேயே பேண வேண்டிய வண்டி விவசாயியின் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனும் ஆக்சிஜன் சென்சாரும் உள்ளன. சேறு அப்பியோ வயர் அறுந்தோ சென்சார் கெட்டால் வண்டி உடனே நின்றுவிடாது. மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். விளக்கை அலட்சியம் செய்து நெடுநாள் ஓட்டினால் கன்வெர்ட்டரும் பழுதாகும்.

டிராக்டர்களிலும் காலம் மாறி வருகிறது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதி அமலுக்கு வந்தது. இவற்றில் பல மாடல்களில் டீசலைக் கம்ப்யூட்டரே அளந்து தருகிறது. வெப்பம், அழுத்தம், சுற்று வேகம் ஆகியவற்றைப் பல சென்சார்கள் அதற்குச் சொல்கின்றன. இத்தகைய டிராக்டரில் “பழைய டிராக்டருக்கு இதெல்லாம் இருந்ததா?” என்று எந்த சென்சாரின் வயரையும் பிடுங்கிவிடக் கூடாது. அங்கே அவை எஞ்சினின் உறுப்புகள். விளக்கு எரிந்தால் கம்பெனி சர்வீஸில் காட்ட வேண்டும். தவிட்டு மூட்டையும் வைக்கோலும் கிடக்கும் கொட்டகையில் எலிகள் வயரைக் கடிப்பது சாதாரணம். டிராக்டரை அவற்றிலிருந்து தள்ளி நிறுத்துவது நல்லது. கொக்கியிலோ மட்கார்டிலோ வெல்டிங் வைக்கும் முன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.