ஒரே சிப், இரண்டு வேகம்: ஏன்?

ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் சிப் என்று போட்டிருக்கும் இரண்டு லேப்டாப்களில் ஒரே கேம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அந்தச் சிப்புக்கு என்விடியா வகுத்த மின்வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை விரிகிறது. எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் தயாரிப்பாளரின் முடிவு. எல்லோரும் 115 கொடுத்தால் என்ன? சிப் இழுக்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. அதை வெளியே தள்ளும் செப்புக் குழாய்களுக்கும் விசிறிகளுக்கும் மெல்லிய லேப்டாப்பில் இடமில்லை. தவிர, வேகத்தை ஏற்ற மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டும். அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மின்செலவு கூடும். கடைசியாகக் கிடைக்கும் அந்தச் சிறு வேகத்துக்குத்தான் அதிக வெப்பத்தை விலையாகக் கொடுக்கிறோம். அதனால்தான் பாதி வாட்டில் வேகம் பாதியாகிவிடுவதில்லை.

அப்படியானால் தடிமனான கேமிங் லேப்டாப்பையே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். பகலெல்லாம் எக்செல், பிரவுசர், இரவில் கொஞ்ச நேரம் வாலரன்ட் என்றிருப்பவருக்கு அது வீண் சுமை. செட்டிங்கைக் குறைத்தால், இன்றைய ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அந்த கேமை நன்றாகவே ஓட்டும். ஆனால் அதற்குத் தனி நினைவகம் கிடையாது. ரேமில்தான் பங்கு கேட்கும். எனவே 8 ஜிபி போதாது, 16 வேண்டும், அதுவும் இரட்டைச் சேனலில். தனி கிராபிக்ஸ்தான் வேண்டுமென்றால், சிப்பின் பெயரோடு வாட் கணக்கையும் கடையில் கேட்டு வாங்குங்கள்.