இரவில் மணக்கும் ஓர்கிட்: பகலில் விற்பது எப்படி?

சென்ற மாதம் நண்பர் ஒருவர் கொழும்பிலிருந்து பூத்த ஓர்கிட் செடியொன்று வாங்கி வந்தார். நல்ல வாசனை என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு முகர்ந்து பார்த்தவர், "ஏமாத்திப் போட்டானுகள் ஹாஜியார்" என்று என்னிடம் முறையிட்டார். மஃரிபுக்குப் பிறகு பாருங்கள் என்றேன். இஷா முடிந்து வீட்டுக்குப் போனவர் தொலைபேசியில் சொன்னது: "முற்றமெல்லாம் மணக்குது!"

விற்றவர் வாசனை இருக்கிறது என்று சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் பிழை.

அந்தச் செடியின் பெயர் பிரஸ்ஸவோலா நொடோசா. ஆங்கிலத்தில் ‘லேடி ஒஃப் த நைட்’ என்பார்கள். தாயகம் மத்திய அமெரிக்காவும் கரீபியன் பக்கமும். ஒல்லியான இளம்பச்சை இதழ்கள், நடுவில் இதய வடிவில் ஒரு வெள்ளை இதழ். இதன் மகரந்தத்தைக் கொண்டு செல்வது இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சி. இருட்டில் வெள்ளை தெரியும், மணம் வழிகாட்டும். வாடிக்கையாளர் வரும் நேரத்தில்தான் இந்தப் பூ கடை திறக்கிறது, வியாபாரி மாதிரி.

மடகஸ்காரில் இதே இரவு மணமுள்ள வேறோர் ஓர்கிட் உண்டு. அதன் தேன் குழாய் ஏறத்தாழ 30 சென்டிமீற்றர் நீளம். அவ்வளவு நீள நாக்குள்ள பூச்சி ஒன்று அங்கே இருக்கத்தான் வேண்டும் என்று 1862இல் டார்வின் எழுதினார். பலர் நம்பவில்லை. அவர் இறந்து 21 வருடங்களுக்குப் பிறகு, 1903இல், அந்தப் பூச்சி விபரிக்கப்பட்டது.

நமது கரைக்கு ஏற்றது பிரஸ்ஸவோலாதான். தன் ஊரில் கண்டல் மரங்களிலும் கடலோரப் பாறைகளிலும் வளர்வதால் வெக்கையைத் தாங்கும். அதற்காகக் கிணற்று உவர்த் தண்ணீரை ஊற்றலாம் என்று எண்ண வேண்டாம். அங்கே வேரைக் கழுவுவது மழை. மாரியில் மழைநீரைப் பிடித்து வைப்பது நல்லது. மண் கூடாது, கரி, பொச்சுத் துண்டு, உடைந்த ஓடு போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மறைப்புக் கட்டாவிட்டால் செடி வாடிவிடும்.

வியாபாரத்துக்கு வருவோம். விதையிலிருந்து வந்த கன்று பூக்கச் சில வருடங்கள் செல்லும், ஆகவே முதலைப் போட்டுவிட்டு அவசரப்படுபவர்களுக்கு இது சரிவராது. பெரிய செடியைப் பிரித்துப் பெருக்குவதே சுருக்கு வழி. பகல் கடையில் இதை வைத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ரமழானில் தராவீஹ் முடிந்து சனம் கடைத்தெருவுக்கு வரும் நேரம் பூத்த செடி நாலைந்தை வாசலில் தூக்கிவிடுங்கள், பேச்சே தேவையில்லை. பூக்காத செடியை விற்பதென்றால் பூக்கவில்லை, இரவில்தான் மணக்கும் என்று சொல்லியே விற்க வேண்டும். நனைந்த தானியத்தை அடியில் மறைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை அறியாத வியாபாரி நம்மில் இல்லை.

காட்டு ஓர்கிட்டில் கை வைக்க வேண்டாம், சட்டப் பாதுகாப்புண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் செடி கொண்டுவரச் சொல்வதும் கூடாது. தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

நண்பர் இப்போது தன் செடியை மூன்றாகப் பிரிக்கக் கத்தியோடு நிற்கிறார். ஒரு துண்டில் மூன்று நான்கு தண்டாவது இருக்கட்டும், புது வேர் விடும்வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.