காய்ச்சல் கண்டால் கிளைக்கு வர வேண்டாம்

பாலசமுத்திரம் போன்ற எல்லையோர ஊர்களில் காய்ச்சல் கண்டவருக்கு முதலில் எழும் கேள்வி, எந்தப் பக்கம் செல்வது என்பதே. சித்தூரா, திருப்பதியா, மாநில எல்லையைத் தாண்டி வேலூரா? இந்த யோசனையிலேயே இரண்டு நாள்கள் கழிந்துவிடுகின்றன. ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளுயன்சாவில் மதிப்பு மிக்கவை அந்த இரண்டு நாள்களே.

சளி மெல்ல மெல்ல வரும். ஃப்ளூ திடீரென வரும். காலையில் நலமாக இருந்தவர் மாலையில் குளிர் நடுக்கம், தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல் ஆகியவற்றுடன் படுத்துவிடுவார். மழைக்காலத்தில் டெங்குவும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும். எனவே எது என்று தெரியும்வரை பாராசிட்டமாலைத் தவிர வேறு வலி மாத்திரைகளை நாமாக உட்கொள்ளக் கூடாது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் அறவே ஆகாது.

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பணியாற்றிய கிளையில், மாத முதல் வாரம், ஓய்வூதியர் கூட்டம். காசாளருக்குக் காய்ச்சல். விடுப்புக் கேட்டார், மாற்று ஆள் இல்லை என்று நாங்களே தடுத்தோம். ஒரு வாரத்திற்குள் பணியாளர்களில் பாதிப்பேர் படுத்துவிட்டனர். வரிசையில் நின்ற முதியவர் ஒருவரும் காய்ச்சலில் விழுந்தார். அவருக்கு எங்களிடமிருந்துதான் தொற்றியது என்று உறுதியாகக் கூற இயலாது; இல்லை என்று கூறவும் மனம் வரவில்லை. நீரிழிவு உள்ளவர் அவர். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கியிருக்கிறார். நான்காம் நாள் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பன்னிரண்டு நாள்கள் கழித்தே வீடு திரும்பினார்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. ஃப்ளூவோ வைரஸால் வருவது. அதற்கென உள்ள ஓசெல்டாமிவிர் மருந்து, அறிகுறி தோன்றி 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் நன்கு பயன் தரும். அதையும் மருத்துவரே எழுதித் தர வேண்டும். நல்ல உடல்நிலை உள்ளவருக்குப் பெரும்பாலும் ஓய்வும் கஞ்சியும் போதிய நீரும் போதும். முதியோர், கருவுற்ற பெண்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், நீரிழிவு, ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோர் ஆகியோர் காத்திருக்காமல் முதல் நாளே மருத்துவரைக் காண வேண்டும்.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், உதடு நீலம் பாய்தல், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் எந்த ஊர் என்று யோசிக்க வேண்டாம். அருகிலுள்ள மருத்துவமனையே சரியானது. 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

ஃப்ளூவை அற்பமாக எண்ணுவோர் 1918ஆம் ஆண்டை நினைவுகூரலாம். அவ்வாண்டு ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டிய அந்நோய், செப்டம்பருக்குப் பின் இரண்டாம் அலையாகப் பரவியபோது இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. 2009இல் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரில் புதிய வகை வந்தபோது, நாட்டின் முதல் நோயாளி மே மாதத்தில் ஹைதராபாத்தில்தான் கண்டறியப்பட்டார். இவ்வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால்தான் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டியுள்ளது.

வீட்டில் நோயாளிக்குத் தனி அறை கொடுங்கள். இயலாவிடில் சாளரத்தைத் திறந்து வைத்து, முகக்கவசம் அணியச் செய்யுங்கள். மாத்திரையின் துணையின்றிக் காய்ச்சல் நின்று 24 மணி நேரம் ஆகும்வரை வெளியே அனுப்ப வேண்டாம்.

வங்கிப் பணி? பெரும்பாலானவற்றைக் கைப்பேசியிலேயே முடித்துவிடலாம். எழுபது வயது கடந்தோர் வீடு தேடி வரும் சேவை குறித்துக் கிளையில் தொலைபேசி வழியே கேளுங்கள். மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தவுடன் நிறுவனத்திற்குத் தகவல் தர வேண்டும். அட்டையையும் பாலிசி எண்ணையும் வீட்டார் அறிந்த இடத்தில் வைத்திருங்கள். மேற்சொன்ன முதியவரின் பாலிசி, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்தது. அவர் மகன் அதைத் தேடி எடுக்க மூன்று நாள்கள் ஆயின.