கொரிய அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர்: வேலை யாருக்கு, எப்படிக் கிடைக்கும்?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல், தென் கொரிய விமான நிலையங்களில் சுமார் 35 நிமிடங்களுக்கு எந்த விமானமும் ஏறாது, இறங்காது. வானில் இருப்பவை உயரத்திலேயே வட்டமடித்துக் காத்திருக்கும். பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகள் எழுதும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கேட்டல் பகுதி ஒலிபரப்பாகும் நேரம் அது. அந்தத் தாளில் மொத்தம் 45 கேள்விகள். 17 கேள்விகளுக்குக் காதால் கேட்டு விடையளிக்க வேண்டும்; மீதிக்கு வாசித்து. வாயைத் திறந்து பேசுவதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

பேச்சுக்கு மதிப்பெண் இல்லாத நாட்டில் பிள்ளைகளைப் பேசவைக்கத்தான் அரசே செலவு செய்து வெளிநாட்டு ஆசிரியர்களை வரவழைக்கிறது. வேலையின் தன்மை, அதற்குக் கேட்கப்படும் தகுதி, பதவிகள் கூடுவதும் குறைவதும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியதும் இதைத்தான்.

உதவி ஆசிரியர் என்ற பதவி

கொரியக் கல்வி அமைச்சின் 'எபிக்' திட்டம் 1995இல் தொடங்கியது. அமைச்சின்கீழ் இயங்கும் தேசியப் பன்னாட்டுக் கல்வி நிறுவனம் ஆட்களைத் தேர்வுசெய்து மாநகர, மாகாணக் கல்வி அலுவலகங்களுக்கு அனுப்புகிறது. 1997இல் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயப் பாடமானது. அதன்பின் தொடக்கப் பள்ளிகளின் தேவை பெருகியது. தலைநகர் சோல், பூசான், தேகு, இஞ்சோன் போன்ற பெருநகரங்களும், வயலும் மலையுமாக விரியும் மாகாணங்களும் தத்தம் பங்குக்கு ஆசிரியர்களை எடுத்துக்கொள்கின்றன.

வருபவரின் அதிகாரபூர்வப் பதவி 'உதவி ஆசிரியர்'. வகுப்பில் அவருடன் ஒரு கொரிய ஆங்கில ஆசிரியரும் இருப்பார். பாடத்திட்டம், மதிப்பெண், பெற்றோருடனான பேச்சு ஆகியவை கொரிய ஆசிரியரின் பொறுப்பு. உச்சரிப்பு, உரையாடல், விளையாட்டு வழிப் பயிற்சி வெளிநாட்டவரின் பங்கு. ஊரில் பத்தாண்டு தனியாக வகுப்பை ஆண்டு பழகியவருக்கு இந்த ஏற்பாடு சற்று உறுத்தத்தான் செய்யும்.

எந்தப் பாஸ்போர்ட் செல்லும்?

இந்த வேலைக்கான விசாவுக்கு 'ஈ-2' என்று பெயர். மொழி உரையாடல் கற்பிப்போருக்கானது. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் குடிமக்களுக்கே இது பொதுவாகத் திறந்திருக்கிறது. எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசுகிறீர்கள் என்பது பிறகு வரும் கேள்வி. முதல் கேள்வி பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதே. டொரன்டோவிலோ லண்டனிலோ பிறந்து பட்டம் பெற்ற தமிழ் இளைஞர் விண்ணப்பிக்கலாம். ஆங்கில வழியிலேயே படித்த சிங்கப்பூர், மலேசிய, இலங்கைக் குடிமக்கள் இந்த ஏழில் வரமாட்டார்கள்.

பாஸ்போர்ட்டுக்கு அடுத்தது பட்டம். ஏதாவது ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் கட்டாயம். கல்வியியல் பட்டமோ ஆசிரியர் சான்றிதழோ இல்லாதவர்கள் குறைந்தது 100 மணி நேர 'டெஃப்ல்' பயிற்சியை முடித்திருக்க வேண்டும். ஆங்கிலத்தைப் பிற மொழியினருக்குக் கற்பிக்கும் முறைகளைச் சொல்லித்தரும் படிப்பு அது. பள்ளிப் படிப்பை ஆங்கிலத்தில் முடித்ததற்கான ஆதாரமும் சிலரிடம் கேட்கப்படும். தென்னாப்பிரிக்கர்கள் இதைத் தனிக் கடிதமாகவே வாங்கி வைக்கிறார்கள்.

இந்தியருக்கு ஒரு தனி வாசல்

இந்தியாவும் கொரியாவும் 2009 ஆகஸ்டில் 'செபா' எனப்படும் விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2010 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கார் உதிரிபாகம், சுங்க வரி என்று வணிகர்கள் பேசும் அந்த ஒப்பந்தத்துக்குள் ஆசிரியர்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. இந்தியக் குடிமக்கள் கொரியத் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராகப் பணியாற்ற அது வழிவிடுகிறது.

நிபந்தனை கூடுதல். ஏழு நாட்டவருக்குப் பட்டமும் டெஃப்லும் போதும் என்ற இடத்தில், இந்தியர் பட்டத்தோடு ஆங்கிலப் பாடத்துக்கான ஆசிரியர் தகுதியும் வைத்திருக்க வேண்டும். நம் வழக்கில் சொன்னால் ஆங்கில இலக்கியப் பட்டமும் அதே பாடத்தில் பி.எட். படிப்பும் முடித்தவர். பொறியியல் படித்துவிட்டு ஆங்கிலம் சரளமாகப் பேசுபவருக்கு இந்த வாசல் இல்லை. இந்த வழி பள்ளிகளோடு நின்றுவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 'ஹாக்வோன்' எனப்படும் தனியார் டியூஷன் மையங்கள் கொரியாவில் தெருவுக்குத் தெரு இருந்தாலும் செபா அங்கே செல்லாது. அப்படி ஒரு மையத்தில் வேலை வாங்கித் தருகிறேன், முதலில் டூரிஸ்ட் விசாவில் போங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஓர் ஏஜென்ட் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பிக்கத் தகுதி இருப்பதாலேயே வேலை உறுதியாகிவிடாது. எத்தனை பேரை, எந்த நாட்டிலிருந்து எடுப்பது என்ற முடிவு அந்தந்தக் கல்வி அலுவலகத்தின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் வரும் அறிவிப்பை முழுக்க வாசித்துவிட்டே காசு செலவழிக்க இறங்க வேண்டும்.

காலண்டரும் காகிதமும்

கொரியப் பள்ளி ஆண்டு மார்ச்சில் பிறக்கிறது. இரண்டாம் பருவம் ஆகஸ்ட் இறுதியில். வேலைக்கு ஆள் எடுப்பதும் இந்த இரண்டு பருவங்களை ஒட்டியே. மார்ச்சில் சேர்பவர்களுக்கான விண்ணப்பம் முந்தைய ஆகஸ்ட் வாக்கிலும், ஆகஸ்டில் சேர்பவர்களுக்கானது பிப்ரவரி வாக்கிலும் தொடங்கும். ஆக, ஆறு மாதம் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். இடங்கள் வந்த வரிசையில் நிரம்பிக்கொண்டே போகும். நல்ல விண்ணப்பமாக இருந்தும் கடைசி வாரத்தில் வந்ததால் காத்திருப்போர் பட்டியலுக்குப் போவது வழக்கம்தான்.

விண்ணப்பத்தில் பணி அனுபவத்தோடு ஒரு தன்விளக்கக் கட்டுரையும், மாதிரிப் பாடக் குறிப்பும், இரண்டு பரிந்துரைக் கடிதங்களும் கேட்பார்கள். நேர்காணல் இணையவழி நடக்கும். இலக்கண வினாவைவிட, பேசத் தயங்கும் 30 பிள்ளைகளை எப்படிப் பேசவைப்பீர்கள், உடன் பணியாற்றும் ஆசிரியரோடு கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள் என்ற வகைக் கேள்விகளுக்கே தயாராகப் போக வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது அதற்குப் பிறகு, காகிதத்தில்தான். பட்டச் சான்றிதழுக்கும் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றுக்கும் 'அப்போஸ்டில்' முத்திரை வேண்டும். ஒரு நாட்டின் அரசு ஆவணத்தை மற்றொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கான சர்வதேச முத்திரை அது. இந்தியாவில் வெளியுறவு அமைச்சகம் வழங்குகிறது. குற்றப் பின்னணிச் சான்று உள்ளூர்க் காவல் நிலையத்தோடு நிற்காமல் நாடு தழுவியதாக இருக்க வேண்டும். அமெரிக்கர்கள் எஃப்.பி.ஐ. சான்று வாங்குகிறார்கள், இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகக் கிடைக்கும் பி.சி.சி. உண்டு. இந்தச் சான்று பழையதாக இருந்தால் எடுபடாது. ஆகவே அதை ரொம்பவும் முன்னதாக வாங்கிவிடக் கூடாது. நேர்காணலுக்குப் பிறகுதான் அலைவேன் என்றாலும் காலம் போதாது. பட்டத்துக்கான முத்திரையை முதலில் முடித்துவிட்டு, விண்ணப்பிக்கும் வேளையில் பி.சி.சி.க்குப் போவது அனுபவஸ்தர்கள் சொல்லும் வரிசை. விசா முத்திரை குத்தும் கட்டத்தில் தமிழ்நாட்டினர் டெல்லிவரை போக வேண்டியதில்லை. கொரியாவுக்குச் சென்னையிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது.

இந்தக் கெடுபிடிக்கு ஒரு பின்கதை உண்டு. 2007 இறுதியில்தான் ஈ-2 விசாவுக்குக் குற்றப் பின்னணிச் சான்றும் மருத்துவப் பரிசோதனையும் கட்டாயமாயின. அப்போது எச்.ஐ.வி. பரிசோதனையையும் சேர்த்தார்கள். கொரிய ஆசிரியர்களிடம் கேட்காததை வெளிநாட்டவரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்று நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் மறுத்தார், வேலை போயிற்று. விவகாரம் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவரை சென்றது. 2015இல் அந்தக் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017இல் கொரியா அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது. நாட்டுக்குள் வந்தபின் காசநோய், போதைப்பொருள் ஆகியவற்றுக்கான பரிசோதனை தொடர்கிறது.

கையில் எவ்வளவு நிற்கும்?

சம்பளம் தகுதி, அனுபவம், இடம் ஆகியவற்றைப் பொறுத்துப் படிநிலைகளாக இருக்கும். மாதம் ஏறத்தாழ 20 லட்சம் வொன்னுக்கு மேல் தொடங்கி, மூத்த நிலையில் 30 லட்சத்தை நெருங்கும். ஒரு ரூபாய்க்குத் தோராயமாக 16 வொன் என்று வைத்துக்கொண்டால் தொடக்கநிலைச் சம்பளம் ஒன்றேகால் லட்சம் ரூபாயைச் சுற்றி வரும். கொரியாவின் விலைவாசிக்கு இது பெருந்தொகை இல்லை. ஆனால் வாடகை இல்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டிலும் அடுப்பும் சலவை இயந்திரமும் வைத்த ஓர் ஒற்றை அறை வீட்டைப் பள்ளித் தரப்பு தரும், வேண்டாமென்றால் வாடகைப்படி. மின்சாரம், எரிவாயு, கட்டடப் பராமரிப்புக் கட்டணம் நம் கணக்கில். குளிர்காலத்தில் தரையையே சூடாக்கும் 'ஒந்தொல்' இரவெல்லாம் எரிந்தால் எரிவாயு பில்லும் எகிறும்.

வந்து சேர்வதற்கான படி, குடியமர்வுப் படி, ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் ஊக்கத்தொகை ஆகியவை தனி. முழு ஆண்டு முடித்தவருக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு இணையான பணிக்கொடை சட்டப்படி உண்டு. பதினோராம் மாதத்தில் மூட்டை கட்டினால் அது கிடைக்காது. முதல் ஆறு மாதத்துக்குள் விலகினால் வரும்போது வாங்கிய பயணப் படியைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். மருத்துவக் காப்பீட்டிலும் தேசிய ஓய்வூதியத்திலும் பாதிப் பங்கை வேலை தருபவர் செலுத்துகிறார். நாடு திரும்பும்போது ஓய்வூதியப் பணத்தை மொத்தமாகப் பெறுவது இரு நாட்டு உடன்பாட்டைப் பொறுத்தது. அமெரிக்கர், கனடியர், ஆஸ்திரேலியர் பெறுகிறார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கு அது இல்லை.

பள்ளிக்கூடத்தின் உள்ளே

வேலைக்கு வந்தவர்களை முதலில் ஏறத்தாழ ஒரு வாரம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் தங்கவைத்துப் பயிற்சி தருவார்கள். எந்தப் பள்ளி என்பது பலருக்கு அதன் முடிவில்தான் தெரியவரும். விருப்பமான ஊரை விண்ணப்பத்தில் குறிப்பிடலாம். கிடைத்தே தீரும் என்று எண்ணக் கூடாது.

வாரத்துக்கு 22 வகுப்புகள். தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்பு 40 நிமிடம், நடுநிலையில் 45, உயர்நிலையில் 50. மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு வாரம் இரண்டு முறையும், ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு மூன்று முறையும் ஆங்கிலம். வாசலில் காலணியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளே அணியும் செருப்போடுதான் நடமாட வேண்டும். மதியம் மாணவர்களோடு வரிசையில் நின்று, பள்ளங்கள் பிரித்த எவர்சில்வர் தட்டில் சோறு, சூப், கிம்ச்சி, இரண்டு மூன்று தொடுகறி வாங்கிக்கொள்ளலாம். சைவம் சாப்பிடுபவர்கள் இங்கே உஷாராக இருக்க வேண்டும். காய்கறி சூப்பின் அடியில் நெத்திலி கொதித்திருக்கும். கிம்ச்சியிலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ கலந்திருக்கும். பலர் வீட்டிலிருந்தே டப்பா கட்டிக்கொண்டு போகிறார்கள்.

விடுமுறை விஷயத்திலும் நம் ஊர் வழக்கத்தை எதிர்பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்கு லீவு விட்டாலும் ஒப்பந்தத்தில் சொன்ன விடுப்பு நாட்கள் போக மற்ற நாட்களில் ஆசிரியர் பள்ளிக்கு வந்தாக வேண்டும். சில நாட்கள் ஆங்கில முகாம் நடத்துவார். மற்ற நாட்களில் ஆளில்லாத ஆசிரியர் அறையில் கணினியின் முன் மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளிநாட்டு ஆசிரியர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான்.

ஒருவருக்கு இந்த வேலை இனிக்குமா கசக்குமா என்பதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் உடன் ஆசிரியர்தான். வங்கிக் கணக்கு, குடியிருப்பு அட்டை, வீட்டில் ஒழுகும் குழாய் எல்லாவற்றுக்கும் முதலில் நாடுவது அவரையே. அவருக்கோ இது தன் வேலைக்கு மேல் விழுந்த கூடுதல் சுமை. இதை உணர்ந்து நடந்துகொள்பவர்களுக்குப் பாதிச் சிக்கல் தானாகக் குறையும்.

இடங்கள் சுருங்குகின்றன

தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண் இல்லை என்பதால், பட்ஜெட் இறுகும்போதெல்லாம் முதலில் கத்தி விழுவது உயர்நிலைப் பள்ளிப் பதவிகளில். 2010களின் தொடக்கத்தில் சோலில் அதுதான் நடந்தது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கல்லூரி மாணவர்களையும் அனுப்பிய 'டாக்' என்ற திட்டம் 2008இல் பிறந்து 2021இல் முடிவுக்கு வந்தது. இதோடு பிறப்பு விகிதச் சரிவும் சேர்ந்துகொண்டது. ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 2023இல் 0.72; உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. கிராமப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள்கூட இல்லாத நிலையில், ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு மாறி மாறிப் போய்வருவது சாதாரணமாகிவிட்டது.

ஆகவே இன்று வாய்ப்பு அதிகம் இருப்பது தொடக்கப் பள்ளிகளிலும் மாகாணங்களிலும். சோலில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர், போட்டி கடுமையான மூலையில் போய் நிற்கிறார். 'எங்கே அனுப்பினாலும் சரி' என்று எழுதுபவரின் கோப்பு வேகமாக நகரும். ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்து, சிறு பிள்ளைகளோடு பாடி ஆடிக் கற்பிக்கச் சலிப்படையாமல், இரண்டாம் நாற்காலியில் உட்கார மனமுள்ள இந்திய ஆசிரியருக்கு இதை முயன்று பார்க்கக் காரணம் இருக்கிறது. தனி வகுப்பும் தன் பாடத்திட்டமும் வேண்டும் என்பவரும், மூன்று ஆண்டில் வீடு கட்டும் அளவுக்குச் சேமிக்க நினைப்பவரும் வேறு நாட்டைப் பார்ப்பதே நல்லது.