அடோபோ ஏன் சீக்கிரம் கெடுவதில்லை?

வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடு. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். இன்று சமைத்த இறைச்சியை நாளை எப்படி உண்பது? ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கள் இந்தக் கேள்விக்கு ஒரு மண்சட்டியில் விடை கண்டார்கள். அதற்கு 'அடோபோ' என்று பெயர்.

பெயர் மட்டும் ஸ்பானியர் தந்தது. 1565 முதல் அத்தீவுகளில் குடியேறிய அவர்கள், உள்ளூர் மக்கள் இறைச்சியைக் காடியில் வேகவைப்பதைக் கண்டார்கள். இறைச்சியை ஊறவைத்துப் பதப்படுத்துவதற்குத் தம் மொழியில் இருந்த சொல்லையே அதற்கும் சூட்டிவிட்டார்கள். 1613-இல் அச்சான ஒரு தகாலோக் மொழி அகராதியிலேயே இது இடம்பெற்றுவிட்டது. சோயா சாறு சீன வணிகர்களின் வழியே வந்து சேர்ந்தது. அது சேராத வெள்ளை அடோபோ இன்றும் உண்டு.

காடி என்பது நீங்கள் அறிந்த வினிகர்தான். தென்னங்கள், உப்பங்கழிகளில் வளரும் நிப்பாப் பனையின் பதநீர், கரும்புச் சாறு ஆகியவற்றிலிருந்து அங்கே அதைச் செய்கிறார்கள். சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. பிறகு காற்றுப்பட வைத்தால் அசிட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்குகிறது. கடை வினிகரில் இந்த அமிலம் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்குதான். மீதி பெரும்பாலும் நீர்.

இனிச் சமைப்போம். தோலும் கொழுப்பும் சேர்ந்த பன்றி வயிற்றுப்பகுதி இறைச்சி 1 கிலோ; பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். வினிகரும் சோயா சாறும் 125 மில்லி லிட்டர் வீதம், தண்ணீர் 250 மில்லி லிட்டர், தட்டிய ஒரு முழுப் பூண்டு, ஒரு தேக்கரண்டி முழு மிளகு, இரண்டு லாரல் இலை. எல்லாவற்றையும் மண்சட்டியிலோ எனாமல் பாத்திரத்திலோ போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். அமிலம் அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். கொதி வந்தபின் தணலைக் குறைத்து, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வேகவிட வேண்டும்.

இவ்வளவு நேரம் எதற்கு? தசைநார்களைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிய அமைப்பு அது. வெப்பம் சுமார் 70 டிகிரி செல்சியசைத் தாண்டி நீடித்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலாட்டினாகிக் குழம்பில் கரைகிறது. அமிலம் இதை விரைவுபடுத்துகிறது. ஆறிய அடோபோ பாகுபோல் உறைந்து நிற்பதைப் பார்த்தால், அது ஜெலாட்டினின் வேலை என்று அறிந்துகொள்ளுங்கள்.

அந்நாட்டுப் பாட்டிமாரிடம் ஒரு விதி உண்டு: காடி ஊற்றினால் கொதிக்கும்வரை கரண்டி போடாதே, மூடவும் மூடாதே, புளிப்பு பறந்துவிடட்டும்! இது உண்மையா? தூய அசிட்டிக் அமிலம் 118 டிகிரியில் கொதிக்கிறது. நீரோ 100 டிகிரியில். ஆவியில் அமிலமும் கொஞ்சம் போகும். ஈரமான நீல லிட்மஸ் தாளைச் சூடான வினிகரின் ஆவியில் காட்டினால் சிவப்பாகும். ஆனால் நீர்தான் அதைவிட விரைவாக வெளியேறுகிறது. எனவே, வற்றிய குழம்பில் அமிலத்தின் செறிவு குறைந்திருக்காது. முதலில் பறந்துபோவது 77 டிகிரியிலேயே கொதிக்கும் எதில் அசிட்டேட் போன்ற மணப்பொருள்கள். மூக்கைத் துளைக்கும் பச்சை வாடைக்கு அவற்றுக்கும் பங்குண்டு. இறைச்சிப் புரதம் சில ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்துக்கொள்கிறது. கொழுப்பும் உப்பும் நாவில் புளிப்பை மட்டுப்படுத்துகின்றன. ஆகவே, விதியில் 'மூடாதே' என்ற பாதி சரி. கரண்டி செய்யும் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

குழம்பு வற்றியதும் இறைச்சியை அதன் கொழுப்பிலேயே வறுக்கிறார்கள். நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை விட்டு அதிகம் ஏறாது. நீர் போனபின்தான் பொன்னிறமும் வறுத்த மணமும் வரும்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அசிட்டிக் அமிலம் ஒரு வலிமை குன்றிய அமிலம். அதன் மூலக்கூறுகளில் பல அயனியாகப் பிரியாமலே இருக்கும். இங்கேதான் சூழ்ச்சி! பிரியாத மூலக்கூறு பாக்டீரியாவின் சவ்வைக் கடந்து உள்ளே நுழைந்துவிடும். உள்ளே அமிலத்தன்மை குறைவு. அங்கே அது பிரிந்து ஹைட்ரஜன் அயனியை வெளிவிடும். அந்த அயனிகளை வெளியேற்றுவதிலேயே பாக்டீரியாவின் ஆற்றல் தீர்ந்துபோகிறது, பெருகுவதற்கு மிச்சமில்லை. சோயாவின் உப்பும் துணைநிற்கிறது.

மேலே உறையும் கொழுப்பு காற்றைத் தடுக்கும். காற்றில்லாத இடத்தையே விரும்பும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கொடிய பாக்டீரியா இருக்கிறதே! பி.எச். 4.6-க்குக் கீழே அது வளர்வதில்லை. குழம்பில் போதிய அமிலம் இல்லாவிட்டால் அந்தக் கொழுப்பு மூடியே ஆபத்தாகிவிடும்.

இன்றைய செய்முறைகளில் தண்ணீர் அதிகம், காடி குறைவு. மேலே சொன்ன அளவும் அப்படித்தான். பழைய அடோபோவைப் போல இதை அடுப்படியில் நாள்கணக்கில் வைக்கக் கூடாது. உப்பைத் தாங்கும் ஸ்டாபிலோகாக்கஸ் இதில் பெருகி நஞ்சைச் சுரந்துவிட்டால், மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் எடுத்துச் சுடவைத்தால் சுவை கூடியிருக்கும்.