சுட்ட தோட்டாவின் உறை: ஆபத்தும் சட்டமும்

சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாவில் மறுபடி பயன்படக்கூடியது பித்தளை உறை ஒன்றுதான். அதைச் சுத்தப்படுத்தி, புதிய ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே தோட்டா தயாரிப்பது அமெரிக்காவில் பலருக்கு நெடுநாள் பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைத் தொழிலாகச் செய்தால் தேவை. மாநிலச் சட்டங்களைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுடும்போது உறை விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. எடுத்துக்காட்டாக, .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. விரிந்த உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவர முழு உறையையும் அச்சில் அழுத்தலாம். அல்லது குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் சுருக்கலாம். கழுத்தோடு நிறுத்தினால் பித்தளை குறைவாகவே அலைக்கழிக்கப்படும், உறை கூடுதல் நாள் உழைக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த உறை முன்பு சுடப்பட்ட அதே துப்பாக்கிக்குத்தான் ஆகும், அதுவும் கையால் தாழிட்டு மூடும் போல்ட் ஆக்‌ஷன் வகைக்கு. சில முறை சுட்டபின் போல்ட் இறுகும்; அப்போது முழு உறையையும் அழுத்தியே ஆக வேண்டும். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கும் வேட்டைக்கும் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

எந்த முறையானாலும் நீளத்தை அளப்பது கட்டாயம். .308 உறை 2.015 அங்குலத்தைத் தாண்டினால் அதன் வாய் குழலின் தொடக்கத்தில் நெருக்குண்டு குண்டை இறுக்கும், அழுத்தம் எகிறும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தாலோ, வளைத்த கம்பியால் உள்ளே தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டாலோ, அந்த உறை அடுத்த முறை இரண்டாகப் பிரியலாம். அதை இடுக்கியால் நசுக்கி எறிவதே முறை.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஈயம். பெரும்பாலான ப்ரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு. உறைகளை உலர்முறையில் மெருகேற்றும்போது பறக்கும் தூசியில் அது கலந்திருக்கும். சமையலறையிலோ குழந்தைகள் புழங்கும் இடத்திலோ இந்த வேலை கூடாது. தொடர்ந்து செய்பவர்கள் இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுத் தோட்டாவால் துப்பாக்கி வெடித்தால் நிவாரணம் எளிதல்ல. பல தயாரிப்பாளர்களின் உத்தரவாதம் அதற்குப் பொருந்தாது. மருந்தில்தான் குறை என்று வாதிடவேண்டுமானால் அதன் அசல் டப்பாவும் தொகுதி எண்ணும் தயாரிப்புக் குறிப்பேடும் கையில் இருக்க வேண்டும்.

அமெரிக்கத் தமிழர்கள் கவனிக்கவேண்டியது வேறொன்று. மத்தியச் சட்டத்தின் கணக்கில் வெற்று உறையும் தோட்டாதான். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். 2022 முதல் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. விசாத் தகுதியை இழந்திருந்த வெளிநாட்டு மாணவர் ஒருவர் சுடுதளத்தில் சுட்ட வழக்கில், தம் நிலை அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டமே தெரியாது என்பது மட்டும் தப்பிக்கும் வழியல்ல. சுடுதளத்தில் பொறுக்கிய உறைகளை வீட்டுக்குக் கொண்டுவருமுன் விசா நிலையைக் குறித்து வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.