பழைய கைக்கடிகாரங்கள் – 14: டயலில் கை வைக்காதீர்கள்

மணி பார்க்க எந்தக் கடிகாரமும் போதும். குரோனோகிராஃப் பிறந்தது வேறு வேலைக்கு: ஒரு காரியம் தொடங்கி முடிய எவ்வளவு நேரமானது என்று சொல்ல. 1816-ல் லூயி முவானே வான ஆராய்ச்சிக்காக நொடியை அறுபதாகப் பிரித்துக் காட்டும் கருவி ஒன்றைச் செய்து முடித்தார். 1821-ல் நிக்கோலா ரியூசெக் குதிரைப் பந்தயத்துக்காக டயலில் மைப்புள்ளி வைக்கும் கருவியைச் செய்தார். மணிக்கட்டுக்கு அது வந்து சேர இன்னும் தொண்ணூறு வருஷம் பிடித்தது.

இந்த வாரக் கடிகாரம் வேலூர் வீடொன்றின் பீரோவிலிருந்து வந்தது. உள்ளே லேண்டரான் 48 என்ற சுவிஸ் இயந்திரம். "தாத்தாவோட வாட்ச் சார். மேல் பட்டன் அழுத்தினா முள்ளு ஓடுது, மறுபடி அழுத்தினா நிக்க மாட்டேங்குது. ஒடைஞ்சிருச்சா?" என்று கேட்டார் பேரன். உடையவில்லை. 1937-ல் வெளிவந்த இந்த இயந்திரத்தின் அமைப்பே அப்படி. மேல் பொத்தான் ஓட்ட மட்டும்தான். கீழ்ப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் முள் நிற்கும், மறுமுறை அழுத்தினால் 12-க்குத் திரும்பும். இது தெரியாமல் பிரித்து, வளைத்து, கெடுத்த கடிகாரங்கள் நிறைய.

உண்மையான கோளாறு வேறு. திரும்பி வந்த முள் 12-ல் நிற்காமல் இரண்டு நொடி தள்ளி நின்றது. நீண்ட நொடிமுள்ளின் தண்டில் இதய வடிவத்தில் சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. கீழ்ப் பொத்தானை அழுத்தும்போது சுத்தி போன்ற நெம்புகோல் அதன் விளிம்பில் அடிக்கிறது. முள் எங்கே நின்றிருந்தாலும் தகடு வழுக்கிச் சுழன்று, தன் மிகத் தாழ்ந்த இடம் சுத்தியில் படிந்ததும் நின்றுவிடும். 1844-ல் அடோல்ஃப் நிக்கோல் காப்புரிமை பெற்ற யோசனை இது. நூற்றெண்பது ஆண்டுகளாக இதைவிட எளிய வழியை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. இந்தக் கடிகாரத்தில் தகட்டில் பிசகில்லை. முன்பு எப்போதோ கழற்றிய முள்ளைத் தளர்வாகப் பொருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் அது கொஞ்சம் நழுவியிருக்கிறது.

வேலூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரின் கடையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். முழுக்கப் பிரித்துக் கழுவினார். உறைந்துபோன எண்ணெய் பழுப்புப் பிசினாகக் கரைந்து வந்தது. கண்ணில் லூப்பை மாட்டிக்கொண்டு, சுத்தி தகட்டின் மேல் படிந்திருக்கும் நிலையிலேயே முள்ளை 12-க்கு நேராக வைத்து அழுத்தினார். பிறகு ஓட்டுவார், நிறுத்துவார், திருப்புவார். கால் மணி நேரம் இதே வேலை. முள் மயிரிழையும் பிசகவில்லை. நொடிமுள் சக்கரத்தோடு ஓட்டச்சக்கரத்தின் பல் எவ்வளவு ஆழம் கோக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் திருகு ஒன்று உண்டு. பல் ஆழமாகக் கோத்தால் கடிகாரம் மூச்சு வாங்கும், மேலாகக் கோத்தால் முள் விக்கும். சரியாகவே இருந்ததால் அதை அவர் தொடவில்லை. நல்ல கைக்கு அடையாளம் அதுதான்.

எல்லாம் முடிந்ததும் கேட்டார்: "டயலைப் புதுசாட்டம் பெயின்ட் பண்ணிக் கொடுத்துரட்டுமா?"

நம் நாட்டில் பழைய கடிகாரங்களுக்கு நேர்ந்த பெரிய சேதம் இந்த மறுபூச்சுதான். சாதாரணக் கடிகாரத்தில் அழகு மட்டும் போகும். குரோனோகிராஃபில் கருவியே போய்விடும். இதன் டயலைச் சுற்றி டெலிமீட்டர் அளவு அச்சாகியிருக்கிறது. மின்னல் வெட்டியதும் ஓட்டி, இடி கேட்டதும் நிறுத்தினால், முள் காட்டும் எண்தான் இடி எத்தனை கிலோமீட்டர் தூரம் என்பதற்கு விடை. பெரும்பாலும் நிமிடத்துக்கு 20 கி.மீ என்று கணக்கு. ஆகவே 5 என்ற எண் 15-வது நொடிக்கு நேராகவும், 10 என்பது 30-க்கு நேராகவும் இருந்தாக வேண்டும். வேகம் சொல்லும் டேக்கிமீட்டரில் 120 என்பது 30-வது நொடியில், 90 என்பது 40-வது நொடியில். டாக்டர்களுக்கான, 30 துடிப்பு எண்ணும் டயலில் 15-வது நொடிக்கு நேரே 120. வாங்குமுன் இந்த இடங்களைப் பாருங்கள். மறுபூச்சுக்காரர் கண்ணளவில் எழுதியிருந்தால் இங்கே பிடிபடும்.

இந்த டயல் ஓரத்தில் பழுத்திருக்கிறது. அளவுகள் அத்தனையும் இடத்தில் இருக்கின்றன. கோடை மழை நாளொன்றில் அமிர்திக்கு எடுத்துப் போனேன். ஜவ்வாது மலையின் அடிவாரம், வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர் போல. மலைமுகட்டில் மின்னியதும் அழுத்தினேன். இடி உருண்டு வந்தபோது முள் 4-ஐ ஒட்டி நின்றது, பன்னிரண்டு நொடி. நம் வெக்கையில், 30 டிகிரியில், ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் ஓடுகிறது. டயலின் கணக்கைவிடச் சற்று வேகம். ஆக, உண்மைத் தூரம் கொஞ்சம் கூடுதலாக, 4.2 கி.மீ அளவில் இருக்கும். எண்பது வயதை ஒட்டிய ஒரு கருவி இவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சில நொடிகளை விடாமல் பிடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதே மலையில் சான்று இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று, காவலூர் வானாய்வகத்தின் 102 செ.மீ தொலைநோக்கியில், ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் யுரேனஸ் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு விண்மீனைக் கவனித்தார்கள். கோள் கிட்டே வருமுன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. இந்தியப் பெருங்கடல் மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானமும் அதே இரவில் இத்தகைய மங்கல்களைப் பதிவுசெய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

டயலுக்குப் பெயின்ட் வேண்டாம் என்று பெரியவரிடம் அன்றே சொல்லிவிட்டேன். கீறல் விழுந்த கண்ணாடியை மட்டும் மாற்றினார். எண்களிலும் முட்களிலும் பழைய ரேடியம் பூச்சு இருந்தது. பச்சை ஒளி எப்போதோ அணைந்துவிட்டாலும் கதிரியக்கம் அணையாது, அதன் பாதியாயுள் 1,600 ஆண்டுகள். அதைச் சுரண்டினால் தூள் மூச்சில் போகும். உங்கள் வீட்டுக் கடிகாரத்தைக் கொடுக்கும்போது டயலைப் போட்டோ எடுத்துக்கொண்டு, 'டயலைத் தொடக் கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மாற்றிய பாகம் ஏதாவது இருந்தால் பழையதைக் கேட்டு வாங்கி டப்பாவில் போட்டு வையுங்கள். லேண்டரான் 48 தயாரிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன.